திரும்பி வந்த உறை

தோமுன் ஊர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரிப் பேச்சு கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். ஆற்றங்கரையில் நின்று அக்கரையைப் பார்ப்பார்கள். அக்கரை வட கொரியா. அங்கே காய்ச்சல் மாத்திரைக்கே வழியில்லை என்று உச்சுக்கொட்டிவிட்டு, நாம் எவ்வளவோ மேல் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள். தென் கொரியாவில், சியோலில் வேலை பார்க்கும் யாராவது விடுமுறையில் வந்து இறங்கினால் போதும், நிமிர்ந்த நெஞ்சு சுருங்கிவிடும். "அங்கெல்லாம் ஆஸ்பத்திரித் தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம்" என்று வந்தவர் ஆரம்பிப்பார். சீனாவில் பிறந்து, கொரிய மொழி பேசி, பிள்ளைகளை ஜப்பானுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் சனத்துக்கு, எந்த நாட்டில் நோய்வாய்ப்படுவது நல்லது என்பதே தீராத வாதம். ஆரோக்கியமாக இருப்பதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இந்த வாதத்தில் சேராத ஒரே ஆள் ஹோ சங்ரோக். ரயில்வே சரக்கு யார்டில் பெட்டிகளைக் கோத்துவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குளிரில் இரும்பைப் பிடித்துப் பிடித்துக் கைவிரல்கள் மரக்கட்டையாகிவிட்டன, பேச்சும் அப்படித்தான். அவருடைய கொள்கை சுருக்கமானது. எந்த நாட்டு ஆஸ்பத்திரியானாலும் உள்ளே இருப்பவன் மனுஷன். அவனை நாம் கவனித்தால் அவன் நம்மைக் கவனிப்பான்.

கவனிப்பது என்றால் உறை. அறுவை சிகிச்சைக்கு முன்னால், அறுக்கப்போகிற டாக்டரின் கோட்டுப் பையில் பணம் வைத்த ஓர் உறை. டாக்டர் முதலில் வேண்டாம் என்பார், அது மரியாதை. இரண்டாம் முறை பார்வையைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார், பை மட்டும் நம் பக்கம் திறந்திருக்கும். 'அன்பளிப்பு வாங்குவதில்லை' என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கும். அதன் அடியில்தான் கைமாறும். சங்ரோக்குக்குக் குடலிறக்கம் அறுத்தபோது உறை போனது, பிழைத்துக்கொண்டார். அவருடைய மாமனாருக்கு வயிற்றில் கட்டி வந்தபோதும் உறையை நீட்டினார். அந்த வயதான டாக்டர் அதை இரண்டாம் முறையும் வாங்கவில்லை. சங்ரோக்கின் கையிலேயே வைத்து, விரல்களை மூடி, "பெரியவருக்குப் பிடிச்சத வாங்கிக் குடுங்க" என்றார். பெரியவர் அந்த மாதமே போய்ச் சேர்ந்தார்.

அன்றைக்கு மனதில் விழுந்த கணக்கு அப்படியே நின்றுவிட்டது. வாங்கினால் டாக்டருக்கு நம்பிக்கை இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் கைவிட்டுவிட்டார். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவருடைய மனைவி கும்தான் பல வருஷங்களாக சியோலில் இருந்தாள். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்குத் துணையிருக்கும் வேலை. யாரோ பெற்ற தாய்க்குப் பல் விளக்கிவிட்டு, கால் கழுவிவிட்டு, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலப் பலகையில் படுத்துக்கொள்வாள். சந்திரப் புத்தாண்டுக்கு ஊருக்கு வந்தால் வீடு இரண்டாகிவிடும். "இது வீடா, சரக்குப் பெட்டியா?" என்று கத்திக்கொண்டே துடைப்பாள். புருஷன் திருப்பிக் கத்தமாட்டார். அவள் போன பிறகு வீட்டின் அமைதி தாங்காமல் ரேடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒசாகாவில் இருக்கும் மகள் மிஹ்வா, இரண்டு பேரையும் அங்கே வந்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "ஜப்பான்ல வயசானவங்களத் தாங்கறாங்கப்பா" என்பாள். தாங்குகிற நாடெல்லாம் பிள்ளைகள் இருக்கும் பக்கமே இருப்பது என்ன வினோதமோ!

ஒரு வசந்தகாலத்தில் கும்தானுக்கு இரத்தப்போக்கு கண்டது. தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே படுக்கையில் விழுந்தாள். குடலில் கட்டி. செய்தி கேட்டதும் சங்ரோக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்கு முன் விமானம் ஏறாத மனுஷன், விசா வாங்கி, ஒரு பை நிறைய உலர்ந்த காளானும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவளைப் பார்த்ததும் அவருக்கு வந்த முதல் வார்த்தை, "இளைச்சிட்டே."

"நீங்க மட்டும் குண்டாயிட்டீங்களாக்கும்" என்றாள் கும்தான். "செருப்பக் கழட்டிட்டு வாங்க. இது உங்க யார்டு இல்ல."

டாக்டர் பேக் இளைஞர். தூக்கம் கெட்ட கண்கள். கும்தானின் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "நல்ல நேரத்துல வந்திருக்கீங்கம்மா. வெட்டி எடுத்துடலாம். அப்புறம் மருந்து கொஞ்ச நாள். நல்லாயிடுவீங்க."

நோயாளியிடமே இப்படிப் போட்டு உடைப்பது சங்ரோக்குக்குப் பிடிக்கவில்லை. ஊரில் இதையெல்லாம் வீட்டுக்காரரை வெளியே கூப்பிட்டுத்தான் சொல்வார்கள். ஆனால் கும்தானின் முகம் தெளிந்திருந்தது. பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையிருந்த ஓக்சிலிடம், "வெட்டிட்டா நானும் உன்ன மாதிரி ஓடியாடுவேன்டி" என்று சிரித்தாள். ஓக்சிலும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரிதான். கும்தானை அக்கா என்பாள், சங்ரோக்கை அத்தான் என்பாள்.

சங்ரோக் வேலையைத் தொடங்கினார். இங்கும் சுவரில் அதே எழுத்து தொங்குவதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். நடைபாதையில் டாக்டரை வழிமறித்து உறையை நீட்டினார். டாக்டர் இரண்டு கையையும் தூக்கிப் பின்வாங்கி, "அய்யய்யோ, கூடாதுங்க, இங்க இதுக்கெல்லாம் அனுமதி கிடையாது" என்று சொல்லிவிட்டு நடந்தார். சரி, முதல் மறுப்பு முறைப்படி ஆயிற்று. மறுநாள் ஒரு பெட்டி ஜின்செங் வேர்ப் பானம் வாங்கி, அதற்குள் உறையை வைத்து டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு வந்தார். வரும்போது படிக்கட்டில் மெல்ல விசிலடித்ததாகக் கேள்வி.

பிற்பகலில் டாக்டரே பெட்டியோடு தேடி வந்தார். ஓரமாகக் கூப்பிட்டார். உறையை எடுத்து சங்ரோக்கின் உள்ளங்கையில் வைத்து, மரத்துப்போன அந்த விரல்களைத் தன் இரண்டு கைகளாலும் மூடினார்.

"ஐயா, இது எனக்கு வேணாம். அம்மாவுக்குப் பிடிச்சதா ஏதாவது வாங்கிக் குடுங்க. தெம்பா இருக்கணும்."

அதே வார்த்தை, அதே விரல் மூடல். மாமனார் கட்டிலருகே நின்ற வயதான டாக்டர் இளைஞராகி வந்து நின்றாரோ என்று தோன்றியது. சங்ரோக் ஏதோ கேட்க வாயெடுத்தார். டாக்டர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் இந்த மனுஷன்! கேட்கமாட்டார். மரணத்தைப் பற்றி டாக்டரைத் துருவுவது அவமரியாதை என்று வளர்ந்தவர்.

கீழே கடைக்குப் போய் ஆப்பிள் வாங்கிவந்தார். கட்டிலருகே உட்கார்ந்து தோல் சீவினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவிக்கு ஆப்பிள் சீவியதில்லை. தோல் துண்டு துண்டாய் விழுந்தது. கும்தான் ஆப்பிளைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் உங்கள வெளிய கூப்பிட்டாரே, எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மாவா?"

"சாப்பிடு."

அவள் ஒரு துண்டு வாயில் போட்டு நெடுநேரம் மென்றாள். பிறகு அவர், "மிஹ்வா அம்மா, ஊருக்குப் போயிடலாமா?" என்றார். தோமுன் ஆஸ்பத்திரியில் நாய்கூடப் படுக்காது என்று ஒவ்வொரு வருஷமும் சத்தம் போட்டவள் சண்டைக்கு வருவாள் என்றுதான் எதிர்பார்த்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி" என்றாள்.

அந்தச் 'சரி'யைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

ஓக்சில் அவரை நடைபாதையில் மடக்கினாள். "அத்தான், உங்களுக்கு மூளை கலங்கிப்போச்சா? இந்தக் கட்டிலுக்கு நம்ம ஊர்லேருந்து எத்தன பேரு தவம் கெடக்கறாங்க! அக்காவ எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"உனக்குத் தெரியாதும்மா."

"என்ன தெரியாது? சொன்னாத்தான தெரியும்!"

அவர் சொல்லவில்லை. சொன்னால் இவள் வாய்வழியே கும்தானின் காதுக்குப் போய்விடும் என்ற பயம். ஒசாகாவுக்கு மட்டும் போன் செய்தார். "டாக்டரே கைவிட்டுட்டாரும்மா. அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்றார். மிஹ்வா அலறினாள். அப்பா பொய் சொல்கிற ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அவளும் யாரையும் கேட்கவில்லை.

சிகிச்சை வேண்டாமென்று சங்ரோக் கையெழுத்துப் போட்டபோது டாக்டர் பேக் ஓடிவந்தார். கட்டிலருகே நின்று மன்றாடாத குறை. "ஏன் ஐயா? நல்ல வாய்ப்பு இருக்கு. அம்மா, நீங்களாவது சொல்லுங்க!"

நோயாளி முன்னால் வேறு என்ன சொல்வார் பாவம் என்று நினைத்த சங்ரோக், இடுப்பு வளைய வணங்கினார். "உங்க மனசு எனக்குப் புரியும் டாக்டர். நீங்க ரொம்ப நல்லவரு." கும்தான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இன்று நினைத்தாலும் எனக்கு அந்த அறைக்குள் புகுந்து மூன்று பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

ஊருக்கு வந்ததும் சங்ரோக் ஆளே மாறிவிட்டார். சமைக்கக் கற்றுக்கொண்டார். சோளமாவு நூடுல்ஸ், கருவாட்டுச் சாறு, அவள் கேட்பதெல்லாம். "இது சூப்பா, இஞ்சின் எண்ணெயா?" என்று அவள் கேலி செய்தால் உள்ளூரக் குளிர்ந்துபோவார். கோடை முழுக்க ஆற்றங்கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். வந்து போகிறவர்களெல்லாம் சியோலையும் சீனாவையும் ஜப்பானையும் தராசில் போட்டு, "அங்கேயே இருந்திருக்கலாமே" என்பார்கள். சங்ரோக் வாயே திறக்கமாட்டார். உண்மை தெரிந்தவன் தான் ஒருவனே என்ற பாரத்தைப் பல்லைக் கடித்துச் சுமந்தார்.

இலையுதிரும்போது கும்தானின் கண்கள் மஞ்சளாயின. உள்ளூர் டாக்டர் சங்ரோக்கை வெளியே கூப்பிட்டு, ஈரல்வரை பரவிவிட்டது, இனி எந்த ஊருக்குத் தூக்கிப்போனாலும் பயனில்லை என்றார். சங்ரோக் தலையாட்டினார். அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே!

ஆற்றில் பனிக்கட்டி பிடிக்கத் தொடங்கிய ஒரு காலை. தரைக்கடியில் வெந்நீர் ஓடும் அறையில் கும்தான் மெத்தை மேல் சாய்ந்திருந்தாள். அவர் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"மிஹ்வா அப்பா, இனிமே மறைக்கறதுக்கு என்ன இருக்கு? அன்னிக்கு டாக்டர் வெளிய கூப்பிட்டு, இவ பிழைக்கமாட்டான்னு சொன்னாரு. அதான?"

அவர் கரண்டி அப்படியே நின்றது.

"எனக்கு அன்னிக்கே தெரியும். ஆப்பிள் சீவினீங்களே! எத்தன வருஷமா அந்த வேலை பாத்திருக்கேன். நோயாளிகிட்ட ஒண்ணு சொல்லுவாங்க, வீட்டாளுங்ககிட்ட ஒண்ணு சொல்லுவாங்க. நானே எத்தன பேருகிட்ட 'நல்லாயிடுவீங்க'ன்னு சொல்லியிருக்கேன், அவங்க புள்ளைங்க வெளிய அழுதுகிட்டிருக்கறப்போ."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்க அவ்ளோ கஷ்டப்பட்டு மறைக்கறீங்க. கேட்டு ஒடச்சா நல்லாவா இருக்கும்?" மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "ஆனா அந்த டாக்டர் பையன் நல்லவன். உங்ககிட்ட மறைக்காம சொன்னானே. ஓக்சில்கிட்ட குடுத்து அவனுக்குக் கொஞ்சம் பைன் கொட்டை அனுப்பணும்னு தோணும். அனுப்பி என்ன, வாங்கமாட்டான்."

"ஏன் வாங்கமாட்டாரு?"

"அங்க யாருமே வாங்கமாட்டாங்க. சட்டம். பழச்சாறு பாட்டில் குடுத்தாக்கூட திருப்பிக் கொண்டாந்து குடுத்துருவாங்க. வாங்கினா வேலை போயிடும்."

"யாருகிட்ட இருந்தும்?"

"யாருகிட்ட இருந்தும்தான்."

"நாளைக்குப் பிழைக்கப்போறவங்ககிட்ட இருந்துகூடவா?"

கும்தான் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "இதென்ன கேள்வி? பிழைக்கறவங்க, சாகறவங்க எல்லாருக்கும் ஒரே சட்டந்தான். உறை நீட்டறதெல்லாம் நம்ம ஊர்க்காரங்க பண்ற கூத்து. ஏன் கேக்கறீங்க?"

அவர் கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். சுவரில் தொங்கிய எழுத்து நினைவுக்கு வந்தது. டாக்டர் கையைத் தூக்கிப் பின்வாங்கியது, "அனுமதி கிடையாது" என்றது, கட்டிலருகே மன்றாடியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தெம்பா இருக்கணும். அறுவைக்குத் தெம்பு வேண்டும் என்றல்லவா அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறான்! வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. தலையைச் சுவரில் மோதிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இரண்டையும் அவர் செய்யவில்லை.

"என்னாச்சு? முகம் ஏன் இப்படிப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மாத்தான் கேட்டேன்."

அவள் கை போர்வைக்கு வெளியே நீண்டு அவருடைய மரத்த விரல்களைத் தொட்டது. "மிஹ்வா அப்பா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. டாக்டர் அன்னிக்குத் தெளிவாத்தான சொன்னாரு? கொஞ்சங்கூட வழியில்லன்னு? சில நாள் காலைல கண்ணு முழிச்சா, ஒருவேள வெட்டியிருந்தா பொழச்சிருப்பேனோன்னு வந்துருது. அது வந்தா அன்னிக்கு முழுக்க மனசு கெடந்து அடிச்சுக்குது."

சங்ரோக் சன்னலைப் பார்த்தார். பிறகு திரும்பி, முதன்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பொய் சொன்னார்.

"தெளிவாச் சொன்னாரு. கொஞ்சங்கூட வழியில்லன்னு சொன்னாரு."

"அப்ப சரி" என்றாள் கும்தான். அவள் முகம் தெளிந்துவிட்டது. "நீங்க செஞ்சதுதான் சரி. மனசப் போட்டு அலட்டிக்காதீங்க. கஞ்சி ஆறுது பாருங்க."

அவர் கிண்ணத்தை எடுத்து, ஒரு கரண்டி ஊதி ஆற்றி, அவள் வாயில் கொடுத்தார்.