பொன்னம்மா அக்கா முதலில் பார்த்த உளவாளிப் படம்

சிறுவர்கள் உளவாளிகளாக வரும் சிரிப்புப் படத்தை ஆறு வயது மகனுக்குக் காட்டலாமா என்று தோழி இன்று கேட்டாள்.

எனக்குப் பொன்னம்மா அக்கா நினைவு வந்தது. எண்பதுகளில், மலேசியாவில் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், பெற்றோர் வேலைக்குப் போனதும் ஆயாக் கொட்டகையில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்.

அப்படி ஒரு படத்தைத் தோட்ட மண்டபத்தில் வீடியோவில் போட இருந்தார்கள். “துப்பாக்கிலாம் வருது, பிள்ளைங்களுக்கு வேணாம்” என்றார் தோட்டத்துக் கணக்கரான கிராணி.

அக்கா முழுப் படத்தையும் முதலில் தனியாக உட்கார்ந்து பார்த்தார்.

“சுடுறாங்க, ஆனா யாரும் சாவல. ஒரு எடத்துல பிள்ளைய இருட்டு ரூம்ல பூட்டுறாங்க. அப்ப சின்னதுங்க எங்கிட்ட வரட்டும். போடுங்க லா!”

அந்த இடம் வந்ததும் நாங்கள் ஒன்பது பேர் அவர் மடிக்குப் பாய்ந்தோம். கதவு திறந்ததும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எந்த விமர்சகரும் இவ்வளவு பாரம் தாங்கியிருக்க மாட்டார். உங்கள் சிறு வயதில் யார் படத்தை முதலில் பார்த்துச் சொன்னார்கள்?