கச்சான் காலத்திலேயே போயிருக்கலாம்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆனி மாதம். என் அக்கா சம்பூரிலிருந்து வந்து, திருகோணமலையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். கனடாவில் இருக்கும் மகனோடு ஒரேயடியாகப் போய்ச் சேர விசாவுக்குக் காத்திருந்தார். இடம்பெயர்ந்து எத்தனையோ ஊர்களில் இருந்தவர், மலைநாட்டை மட்டும் பார்த்ததில்லை. போவதற்கு முன் ஒரு நீர்வீழ்ச்சியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றார்.

எனக்கு எதையும் எண்ணிப் பார்க்காமல் நித்திரை வராது. வாடகைக்குப் பிடிக்கும் வான் வண்டியில் எத்தனை பேர் போகலாம், வழியில் எத்தனை இடத்தில் கழிப்பறை, அவருடைய முழங்கால் தாங்குமா, இறங்க எத்தனை படி என்று எல்லாவற்றையும் விசாரித்தேன். ஆனால் வெளியே கச்சான் காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்தது. முற்றத்துப் புல்லெல்லாம் கருகிவிட்டது.

"இப்ப போய் என்னத்தைப் பாக்கப் போறியள், அக்கா? கந்தளாய்க் குளமே வத்திக் கிடக்குது. மாரி மழை பெஞ்சு முடியட்டும்."

"உன்ர கணக்குப்படி நான் செத்தாப்பிறகுதான் தண்ணி வரும்" என்று சிரித்தார். ஆனாலும் காத்திருந்தார்.

மாரி நன்றாகவே பெய்தது. விசாவும் வந்தது. மாசி மாதம், அக்கா விமானம் ஏறுவதற்கு முந்திய வாரம் மலைக்குப் போனோம். அகன்ற கரும்பாறையில் நூல் போல ஒரு கோடு தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஆனி ஆடியில வந்திருக்கணும் ஐயா. இந்தக் கடைக்குள்ளயே சாரல் அடிக்கும்" என்றார் தேத்தண்ணீர்க் கடைக்காரப் பெண்.

அப்போதுதான் உறைத்தது. தென்மேற்கிலிருந்து வரும் காற்று மழையையெல்லாம் அந்த மலையில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்கள் பக்கம் வருகிறது. அதைத்தான் நாங்கள் கச்சான் என்கிறோம். பள்ளிக்கூடத்தில் படித்த விஷயம்தான். எங்கள் முற்றத்தைப் பார்த்து மலைக்கும் நாள் குறித்துவிட்டேன்.

அக்கா மெல்ல இறங்கி, அந்தக் கொஞ்சத் தண்ணீரைக் கையில் ஏந்தி முகத்தைத் துடைத்தார்.

"படியெல்லாம் எண்ணினாய், தண்ணியை விட்டுட்டாயேடா" என்றார். அவர் சிரித்தார். என்னால் சிரிக்க ஏலவில்லை.

இப்போது அவரால் விமானத்தில் நெடுநேரம் இருக்க ஏலாதாம், இனி வரமாட்டார். ஆனி பிறந்து கச்சான் யன்னலில் வந்து மோதும் போதெல்லாம், அங்கே அந்தப் பாறை நிறையத் தண்ணீர் கொட்டுவது எனக்குக் கேட்பது போலிருக்கிறது; கூட்டிக்கொண்டுபோய்க் காட்டத்தான் அக்கா இல்லை.