போர்டின் மேல் ஒட்டிய சிவப்புச் சீட்டு

கம்பெனியில் அவளுக்குப் ‘பொம்மைக்காரி’ என்று பெயர். வைத்தவர் சால்டரிங் மேஜைக்காரர். அவள் வேலை செய்தது சிமுலேட்டரில் என்பதுதான் காரணம். நிஜத்தில் இல்லாத ஒரு சர்க்யூட் போர்டு கம்ப்யூட்டருக்குள் இருப்பதுபோல் நடிக்கும் மென்பொருள் அது. அதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி ஓட்டிப் பார்க்கலாம். தப்பு நடந்தால் மூடிவிட்டு மறுபடி தொடங்கலாம்; கருகல் வாசனை வராது. மருந்துக் குளிர்பெட்டிகளுக்கான கட்டுப்பாட்டுக் கருவி செய்யும் அந்த இடத்தில் நிஜ போர்டுகள் எல்லாம் அவருடைய அலமாரியில் இருந்தன. சாவி அவர் பையில்.

குழந்தை பிறந்தபின் சில வருடங்கள் வீட்டில் இருந்துவிட்டு ஒப்பந்த வேலைக்குத் திரும்பியவள் அவள். அந்த வருடங்களில்தான் சமையல் மேடை ஓரத்தில் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு லினக்ஸின் உயிர்நாடியான கர்னலைத் தானே கட்டக் கற்றாள்.

“இல்லாத மெஷினோட இவ்வளவு சண்டையா அண்ணி? இருக்கற மிக்சி ஓடலையே, அத கேக்க ஆளில்லையா?” என்பாள் நாத்தனார். அந்தக் கேலியில் முள் இல்லை. ஆபீஸ் கேலியில் இருந்தது.

வாடிக்கையாளர் வரப்போவதாகச் செய்தி வந்தது. போர்டுக்கு லினக்ஸ் எழுதிக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். மேனேஜருக்கு வேறு வழியில்லை. அலமாரியிலிருந்து ஒரு போர்டை எடுக்கச் சொல்லி அவள் முன் வைத்தார்.

“உங்க லினக்ஸ் இதுல எழுந்துச்சுன்னா நீங்க போர்டு டீம், நிரந்தரம். இல்லன்னா ஒப்பந்தம் முடிஞ்சதும் பாக்கலாம்” என்றார். ‘பாக்கலாம்’ என்றால் என்ன பொருள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிமுலேட்டரில் ஓடியதை மெமரி அட்டையில் பதித்து, போர்டில் செருகி, பவரைப் போட்டாள். கர்னலை எழுப்பிவிடும் சிறு மென்பொருளுக்கு ‘ஏற்றி’ என்று பெயர்; திரையில் முதலில் அதன் வரிகள் வந்தன. “கர்னல் தொடங்குகிறது” என்ற பொருளில் ஒரு வரி. அதன்பின் எதுவும் இல்லை. கருப்புத் திரை, கல் மாதிரி.

சால்டரிங் மேஜைக்காரர், பக்கத்தில் நின்ற மேனேஜரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“எரிச்சிட்டியாம்மா? நான்தான் சொன்னேனே சார், பொம்மை வச்சு விளையாடறவங்க கையில நெஜத்தக் குடுக்காதீங்கன்னு.”

“எரியல. எரிஞ்சா முதல் வரிகூட வந்திருக்காது.”

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்!”

பக்கத்து மேஜையில் சிரிப்பு. மேனேஜர் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது. மேஜைக்காரர் ‘எரிந்தது’ என்று அச்சடித்த சிவப்புச் சீட்டு ஒன்றைக் கிழித்தார். இப்படிச் சீட்டு ஒட்டுவதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி. பவரைக்கூடப் பிடுங்காமல் போர்டின் மூலையில் ஓங்கி ஒட்டினார்.

அவளுக்குக் காது மடல் வரை எரிந்தது. அந்தச் சீட்டையே முறைத்தாள். முறைத்ததில்தான் கண்ணில் பட்டது. சீட்டின் ஓரத்தில் பச்சையாக ஒரு வெளிச்சக் கசிவு. இரண்டு துடிப்பு, சிறு நிறுத்தம். மறுபடி இரண்டு துடிப்பு.

போர்டின் மூலையில் இருந்த சிறு விளக்கு அது; அப்படித் துடிக்கும்படி கர்னலுக்குள் அமைத்ததே அவள்தான். சிமுலேட்டரில் விளக்கு கிடையாது. அதனால் அதை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. கர்னல் உயிரோடு இருந்தால் மட்டுமே வரும் துடிப்பு.

“செத்துப்போச்சுன்னு சீட்டு ஒட்டினீங்களே, நாடி பாத்தீங்களா?”

குரல் அவ்வளவு உயரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. சிரிப்பு நின்றது.

உயிர் இருக்கிறது, பேச்சு மட்டும் வரவில்லை என்றால்? அவளுக்குச் சுருக்கென்றது. எந்த வாயில் வழியாகத் திரையோடு பேச வேண்டும் என்று கர்னலுக்கு ஒரு பெயரைச் சொல்லி அனுப்ப வேண்டும். சிமுலேட்டரில் அந்த வாயிலுக்கு ஒரு பெயர், இந்த போர்டில் வேறு பெயர். பழைய பெயரையே அப்படியே கொண்டுவந்திருந்தாள். கர்னல் இத்தனை நேரமும் இல்லாத கதவின்முன் நின்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

போர்டை மறுபடி தொடங்கி, ஏற்றியை நடுவில் நிறுத்தி, பெயரை மாற்றி, எண்டரைத் தட்டினாள். வரிகள் மழையாகக் கொட்டின. கடைசியில், உள்ளே வருபவரின் பெயர் கேட்டு ‘லாகின்’ வரியில் நின்றது.

“ஆஹா!” என்றார் மேனேஜர். “சரிம்மா, அந்தச் சீட்ட உரிச்சிடுங்க. வாடிக்கையாளர் கண்ணுல படக்கூடாது.”

அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

“வாயிலோட பேர தப்பாக் குடுத்தது நான்தான் சார். அது என் தப்பு. ஆனா நான் எதையும் எரிக்கல. ஒட்டினவரே உரிக்கட்டும்.”

“இதுக்கெல்லாம் ஏம்மா கோபம்…”

“உரிக்கட்டும் சார்.”

மேஜைக்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். மலிவான சீட்டு, முழுதாக வரவில்லை. மேஜைக்காரர் குனிந்து, நகத்தால் துண்டு துண்டாகச் சுரண்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு துண்டாகப் போகப் போகப் பச்சை வெளிச்சம் அவர் விரலில் துடித்தது.

சுரண்டி முடித்தவர் போர்டைப் பழக்கத்தில் அலமாரிப் பக்கம் எடுத்துப்போகக் கை நீட்டினார்.

“வையுங்க” என்றாள். “அது இனிமே என் மேஜையிலதான் இருக்கும்.”