பொத்தானை அழுத்தாமல் பேசினேன்

பிள்ளைகளே, போன வருஷம் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காசிமேடு துறைமுகத்தில் எங்கள் விசைப்படகில் நடந்தது இது. விடிந்தால் கடலுக்குப் போக வேண்டும். ஐஸ் ஏற்றுகிற வேலையை விட்டு நகர முடியவில்லை.

அதே நேரம் ராயபுரத்தில், வயலின் டீச்சர் வீட்டு அறையில், என் மகளும் தோழிகள் மூன்று பேரும் கச்சேரி வாசித்தார்கள். மேடை கிடையாது. நாலு பேர் ஒருவரையொருவர் பார்த்து வாசிக்கிற சின்ன இசை. பெற்றவர்கள் நாங்களெல்லாம் அவரவர் செல்போனில், வீடியோ காலில் சேர்ந்து பார்த்தோம். பல நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய நடன இசை, அப்புறம் ஒரு கீர்த்தனை, அப்புறம் ஒரு பழைய சினிமா மெட்டு என்று ஒவ்வொரு காலமாக இறங்கி வந்தார்கள். கடைசியில், நம் கரையில் வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு. அதை என் மகள் தனியாகத் தொடங்குவாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வார்கள். செல்லோ என்கிற பெரிய வயலினை வாசிக்கிற பெண்ணின் குடும்பம் வேறு ஊருக்குப் போகவிருந்தது. நாலு பேரும் சேர்ந்து வாசிப்பது அதுதான் கடைசி.

மகள் முதல் இழுப்பு இழுத்ததுமே எனக்கு உடம்பு சிலிர்த்தது. “மாமு, இங்க வா! நம்ம வலை இழுக்குற பாட்டு! என் பொண்ணு வாசிக்குது பாரு!” என்று கூட்டாளியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

“இன்னாபா, உன் பொண்ணா? சோக்கா கீது!” என்று அவனும் கத்தினான்.

படகு வயர்லெஸ்ஸில் பழகியவன் நான். அதில் பொத்தானை அழுத்திப் பேசினால்தான் மற்ற படகுகளுக்குக் கேட்கும். இத்தனை பேர் சேர்ந்து பார்க்கிற இதிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். இதில் எதையும் அழுத்தாமலே நான் கத்தியது எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

மகள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். “யாருங்க அது, மைக்கை மூடுங்க” என்றார் ஒரு அம்மா. “யார்ரா அவன், பேஜாரு பண்றது!” என்று நானும் சேர்ந்து திட்டினேன். அதுவும் அங்கே கேட்டது.

மகள் தலையைக் குனிந்துகொண்டு, “நைனா, நீதான்” என்றாள்.

பதறிப்போய்க் கைக்கு வந்ததை அழுத்தினேன். தொடர்பு அறுந்துவிட்டது. திரும்ப உள்ளே போவதற்குள், முதலிலிருந்து வாசித்து முடித்தே விட்டார்கள். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். பதிவு செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

நான் கடலிலிருந்து திரும்பியபோது செல்லோ பெண் ஊரைவிட்டுப் போயிருந்தாள். “எனக்கு ஒரு தபா வாசிச்சுக் காட்டும்மா” என்று மகளிடம் கேட்டேன். கோபமில்லாமல்தான் வாசித்தாள். நடுவில் வில்லை எடுத்துவிட்டு, “இங்க அவங்க மூணு பேரும் வரணும் நைனா. நான் மட்டும் வாசிச்சா காலியா கீது” என்றாள்.

இப்போதெல்லாம் யார் வாசித்தாலும் வாய் திறக்காமல் கடைசி வரை கேட்கிறேன். ஆனால், அவள் நிறுத்திய அந்த இடத்துக்கு அப்புறம் என்ன இசை வந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியாமலே போய்விட்டது.