கலந்து வச்ச துகள்

எனக்கு மூத்தவ, எங்க ராத்தா நிஷ்மியா, பொல்லாத பிடிவாதக்காரி. பேராதனையில பௌதிகவியல் படிச்சி முடிச்சிட்டு, மாத்தளையில எங்க மிளகுக் கடைக்கு மேல இருக்கிற அறையில இருந்தே, ஐரோப்பாவுல துகள்களை மோதவிட்டுப் பார்க்கிற ஒரு ஆய்வுகூடத்துக்கு வேலை செஞ்சா. கோடிக்கணக்கான மோதல்களுக்குள்ள வழமைக்கு மாறா ஏதும் இருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு கொம்பியூட்டர் மெஷினைப் பழக்குறதுதான் அவட வேலை.

வாப்பா ஹுசைனுக்கு ஒரே பேச்சு. "புதுசா ஒன்னு கிடைச்சா அந்த நாட்டுக்கே போய்ப் படி. நோன்புக்கு முந்திக் கிடைக்காட்டி லெப்டொப்பை மூடிட்டு நிக்காஹ்." மாப்பிள்ளை உக்குவளை ஸியாம். படிச்ச பொண்ணு வேணும், படிச்சிக்கொண்டே இருக்கிற பொண்ணு வேணாம்னு சொன்ன மகான்.

நோன்பு நெருங்கக்குள்ள மெஷின் புதுத் துகள் ஒன்னைக் காட்டிச்சி. ராத்தா போட்ட சத்தத்துல மிளகு நிறுத்தவங்க எல்லாம் மேல ஓடி வந்தாங்க. "வாப்பா, இன்னும் உறுதியில்ல, வெளிய சொல்லாதீங்க"ன்னு கெஞ்சினா. யாருக்கிட்ட சொல்றா! வாப்பா பள்ளிவாசல்ல சொன்னார், பஸ் ஸ்டாண்டுல சொன்னார். தெருவுக்கே இனிப்பா வட்டலப்பம் போச்சி. உம்மா அழுதுகொண்டே போய் சூட்கேஸ் வாங்கி வந்தாங்க.

பிறகு ஆய்வுகூடத்து ஆக்களோட ஸூம்ல கூட்டம். நாங்களும் பின்னால நின்னோம். பெரிய பேராசிரியர் சிரிச்சிக்கொண்டே சொன்னார்: அந்தத் துகளை அவங்களேதான் தரவுக்குள்ள களவாப் போட்டு வச்சாங்களாம், மெஷின் பிடிக்குதான்னு பார்க்க. பிடிச்சிருச்சாம். வாழ்த்தாம். எல்லாரும் கை தட்டினாங்க. அட பாவிகளா! மிளகுக்குள்ள பப்பாசி விதை கலக்கிறவனை நாங்க கடைப்படி ஏத்த மாட்டோம்.

இங்கிலீஷ் விளங்காத வாப்பாவும் சேர்ந்து தட்டினார். "என்னவாம் மகள்? உறுதியாமா?"

நான் ராத்தாட காலை மிதிச்சேன். ஒத்த "ஓம், உறுதி" போதும், பிளேன் ஏறிடலாம். பொய் சொல்லத் தெரியாத கழுதை!

"இல்ல வாப்பா. அவங்களே போட்டு வச்சது. மெஷின் நல்லது. துகள்தான் பொய்."

"ஊருக்கே வட்டலப்பம் குடுத்தேனே"ன்னார் வாப்பா. அங்க நின்னபடியே உக்குவளைக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு, போன்ல கோல் எடுத்தார்.

நிக்காஹுக்கு முந்தின நாள் பேராசிரியர்கிட்ட இருந்து மெசேஜ் வந்திச்சி. மெஷின் தேறிடுச்சி, இனி உண்மையான தரவைத் தரலாம், எப்ப தொடங்குறீங்கன்னு. ராத்தாட ரெண்டு கையிலயும் மருதோண்டி காயல்ல. நான்தான் வாசிச்சிக் காட்டினேன்.

"வேற ஆளுக்குக் குடுங்கன்னு எழுது"ன்னா.

எழுதினேன்.