நகப்பூச்சில் வைத்த மழை

பல ஒலிகளை எழுப்பும் மின்னணு இசைக்கருவியான சித்தப்பாவின் சிந்தசைசரோடு அவருடைய நண்பர், அவர்கள் இசைக்குழுவின் பாடகர், வெளிநாடு கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. “ஒரே கச்சேரிடா, அலுங்காம கொண்டாந்துடுறேன்” என்றார்.

குமிழ்களைத் திருகி அமைத்த எந்த ஒலியையும் அந்தப் பழைய கருவி நினைவில் வைக்காது. அதனால் ஒவ்வொரு ஒலிக்கும் குமிழ்கள் எங்கே நிற்க வேண்டும் என்று சித்தியின் நகப்பூச்சால் சித்தப்பா புள்ளி வைத்திருந்தார். மழைச் சத்தத்துக்குச் சிவப்பு, புல்லாங்குழலுக்கு ரோஸ்.

நண்பர் திரும்பவில்லை. அந்த மழைச் சத்தத்தால் அங்கே பெரிய பேர் வாங்கினார். சித்தப்பா இங்கே பிழைப்புக்கு ரேடியோ பழுதுபார்த்தார்.

“வருவான்” என்பார்.

“வந்து கிழிப்பான்” என்பார் சித்தி.

பல வருடம் கழித்து, நான் பல நாடு சுற்றித் திரும்பிய வாரம், சித்தப்பாவின் போனுக்கு அந்த நண்பரிடமிருந்து செய்தி வந்தது.

“டேய், விக்கிறதுக்காகத் துடைச்சேன், புள்ளியெல்லாம் அழிஞ்சிடுச்சு. மழைக்கு எங்கெங்க வச்சிருந்தே? வாங்குறவர் கேக்குறார்.”