மூன்றரை மணி மாணவன்

நோர்வேயின் இந்தக் கடற்கரை ஊரில் மார்கழி மாதம் பிற்பகல் மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டும். கடந்த குளிர்காலத்தில் ஐந்து கிழமை நான் அந்த நேரத்தில் விளக்கையும் போடாமல், ஒரு சால்வையால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். பாடம் படித்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டியவன், அறுபத்தெட்டு வயதில் மாணவன்.

எனக்குப் படிப்பித்தது என் தங்கை மகள் அனிற்றா. திருகோணமலையில் ரீச்சராவதற்குப் படிக்கிறாள். கண் தெரியாத, காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற படிப்பு. கரும்பலகையில் சோக்கட்டி பிடிக்கிற காலம் போய்விட்டது. சுவர் அகலத் திரையில் விரலால் எழுதுகிறார்கள், பேசினால் எழுத்தாக விழுகிறது, எழுதினால் குரலாக வருகிறது. புதிதாகப் பழகும் ஒருவருக்கு அவள் திரையைப் பார்க்காமல் போன் பாவிக்கப் பழக்கி, ஒவ்வொரு பாடத்தையும் ஒலிப்பதிவு செய்து விரிவுரையாளரிடம் கொடுக்க வேண்டும். அதில் தேறினால்தான் குறிஞ்சாக்கேணிப் பள்ளிக்கூடத்துக்கு அவளை அனுப்புவார்கள். அங்கே பார்வையில்லாத ஒரு சிறுமி, இப்படிப் படிப்பிக்க ஒருவர் வருவார் என்று காத்திருந்தாள்.

"வீட்டில எல்லாருக்கும் வேலை, மாமா. சும்மா இருக்கிறது நீங்க மட்டும்தான்" என்றாள்.

"சும்மாவோ? நான் ஆர் எண்டு கொம்மாட்டக் கேள்" என்றேன்.

கேட்டால் தங்கை சொல்வாள். திருகோணமலைத் துறைமுகத்தில் நான் கப்பலில் சுமை தூக்கி இறக்கும் விஞ்ச் ஓட்டியவன். விஞ்ச்காரனுக்குக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. மேலே நிற்பவன் காட்டும் கையை மட்டும் பார்த்துச் சுமையை இறக்க வேண்டும். யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தே பிடித்தேன். பிறகு இங்கே வந்து மீன் தொழிற்சாலையில் வெட்டுகிற மெசினையும் அப்படியே பிடித்தேன். சான்றிதழ் வைத்திருந்த வெள்ளைக்காரன்கள் மெசின் நின்றால் என்னைத்தான் தேடுவார்கள். ஒரு வித்தியாசம். துறைமுகத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துக் கத்துவார்கள். இங்கே காதுக்கு மூடி போட்டுக்கொண்டு இருபத்தொரு வருடம் ஒருவரோடும் கதைக்காமல் வேலை செய்தேன். இப்போது ஓய்வூதியம். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருடம். பிள்ளைகள் இல்லை.

மேசையில் பழைய போனில் அனிற்றா குரல் அழைப்பில் இருப்பாள். புதிய போன் என் கையில். விரல் எதைத் தொடுகிறதோ அதன் பெயரைத் தமிழில் ஒரு குரல் சொல்லும். வேண்டியதைச் சொன்னதும் இரண்டு தரம் தட்ட வேண்டும். அவ்வளவுதான். பார்த்தே பழகிய எனக்கு அது ஏலாமல் போய்விட்டது. முதல் நாளே சால்வையைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தேன்.

"மாமா, களவு வேண்டாம்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கண் தெரியாத ஆக்களிண்ட விரல் நேரா அங்க போகாது. வழியில நாலு பேரை விசாரிச்சுத்தான் போகும். உங்கட போன் ஒருத்தரையும் விசாரிக்கேல்ல, நேர ஒரு பேரைத்தான் சொன்னது."

இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. சால்வையை மூக்கு வரை இழுத்து இறக்கிக்கொண்டேன்.

ஒருநாள் பாடத்துக்கு நடுவில் கதவு மணி அடித்தது. கட்டை அவிழ்க்காமலே போய்த் திறந்தேன். மேல்வீட்டு சொல்வெய்க் என்ற கிழவி, குரலில் தெரிந்தது. என்ன நடந்தது என்று கேட்டாள். "பார்க்காமல் இருக்கப் பழகுகிறேன்" என்று நல்ல நோர்வேஜிய மொழியில்தான் சொன்னேன். என் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை படிக்கட்டில் காத்து நின்று, என் முழங்கையைப் பிடித்து, பனி உறைந்த வீதியைக் கடத்திவிட்டாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த நாட்டில் கை குலுக்குவதைத் தவிர ஒரு மனிதர் என்னைத் தொட்டு எவ்வளவு காலம். மூன்று நாள் குருடனாகவே வீதி கடந்தேன்.

இரண்டாம் கிழமையே எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை. ஆனால் பிடிபட்டுவிட்டது என்று காட்டினால் பாடம் முடிந்துவிடுமே. ஆகவே தடுமாறத் தொடங்கினேன். "அனுப்பு" என்று குரல் சொல்லும், நான் விரலைத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். "பரவாயில்ல மாமா, திரும்பச் செய்வம்" என்பாள் அவள். அந்தத் "திரும்பச் செய்வம்" என்ற சொல்லுக்காகத்தான் நான் காலையில் எழும்பினேன் என்றால் நம்புவீர்களா? பாடத்துக்கிடையில் குசினியில் அவளுடைய அம்மா ஏசுவதும், வெளியில் முச்சக்கரவண்டி போவதும் கேட்கும். மீன் என்ன விலை, மழை பெய்ததா என்று நானும் இடையில் நுழைப்பேன்.

ஐந்தாம் கிழமை அவளுடைய குரல் சரியில்லை.

"எங்கட விரிவுரையாளர் மிஸ் ஒலிப்பதிவெல்லாம் கேட்டவ. படிக்கிற ஆள் ஒரு அடியும் முன்னேறேல்ல, படிப்பிக்கிற முறையில பிழை எண்டு சொல்லிட்டா. நாளைக்குக் கடைசிப் பதிவு. சரிவராட்டி குறிஞ்சாக்கேணிக்கு விடமாட்டினமாம்."

"அவவுக்கென்ன தெரியும்?"

"இல்ல மாமா. அவ சொல்றது சரி. எனக்குப் படிப்பிக்க ஏலாது போல. உங்களப் போல கெட்டிக்கார ஆளுக்கே விளங்கப்படுத்த ஏலாதெண்டா, அந்தப் பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்க?"

என் வாழ்க்கையில் யாராவது என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்லும்போது தலை குனிந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் சால்வையை இரட்டை முடிச்சாகக் கட்டினேன். சோதனை இதுதான்: அவளுக்கு ஒரு செய்தி, உதவி இல்லாமல், வாயால் சொல்லி எழுதவைத்து அனுப்ப வேண்டும். விரலைக் கண்ணாடியில் வைத்தேன். மணிக்கூடு, படங்கள், செய்திகள். இரண்டு தட்டு. பெயர்கள் வரிசையாக வந்தன. அனிற்றா. இரண்டு தட்டு. பேசினேன். அனுப்பு. இரண்டு தட்டு. ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

அந்தப் பக்கம் அவளுடைய போன் செய்தியை வாசித்தது எனக்கும் கேட்டது. "பிழை உன்னில் இல்லை. மூன்று கிழமையாக எல்லாம் தெரிந்தும் வேண்டுமென்றே பிழை விட்டனான். நீ நல்ல ரீச்சர்."

அவள் அதை இன்னொரு தரம் வாசிக்க வைத்தாள்.

"ஏன் மாமா அப்பிடிச் செய்தனீங்க?"

"பதிவு ஓடுது, பிள்ளை. மிஸ் கேக்கப்போறா."

"கேக்கட்டும். சொல்லுங்க."

"இஞ்ச பின்னேரத்தில கதைக்க ஆளில்ல" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, ரீச்சர் குரலில், "பாடம் முடிஞ்சுது. இனி அந்தக் குரலை நிப்பாட்டி, போனைப் பழையபடி ஆக்குங்க" என்றாள். ஓம் என்றேன்.

தேறிவிட்டாள். இப்போது காலையில் குறிஞ்சாக்கேணிக்குப் போகிறாள். அந்தச் சிறுமி முதல் நாளே என்னைவிட வேகமாம். இருக்கட்டும், அவளுக்கு வயது பத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் அனிற்றா அழைக்கிறாள். மற்ற நாட்களில் நாளைய பாடத்துக்கு ஆயத்தம் செய்கிறாள். சரிதான், அப்படித்தான் இருக்க வேண்டும்.

குரலை நான் நிறுத்தவில்லை. நேற்றுப் பேருந்தில், எங்கே இறங்குவது என்று போனில் தேடினேன். நோர்வேஜியத் தரிப்பிடப் பெயர்களை அது தன் தமிழ் நாக்கால் உடைத்து உடைத்து, பெரிய சத்தமாக வாசித்தது. நான் முதன்முதல் வந்தபோது வாசித்தது போலவே. முன் ஆசனத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தத்தைக் குறைக்கத் தெரியாதவனில்லை நான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இறங்கும் இடம் வரை அதை வாசிக்க விட்டேன். அந்தப் பேருந்தில் தமிழ் பேச இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.